கீறிய காந்தாரம்

கொட்டாஞ்சேனையில் வாழும் அம்முதியவர் இளமையிற் படமாளிகையொன்றிற் படமோட்டியாக இருந்தவர். அவரது தகரப் பெட்டியில் இன்றும் சாணளவு படச்சுருள் ஒன்று கிடக்கின்றது. அதன் ஓரத்தில், படங்களை ஒட்டி, மலைத்தொடரின் நிழல்போல ஒரு கீற்று ஓடுகிறது. அதுவே ஒலி. விளக்கொளி அதனூடே பாய்ந்து ஒளிமின்கலத்தில் விழ, ஒளியின் ஏற்றத்தாழ்வு மின்னாகி, ஒலிபெருக்கியிற் பாட்டாகும். படச்சுருள் செக்கனுக்கு 18 அங்குலம் ஓடும். ஆகவே பெட்டியில் உள்ளது அரைச் செக்கன் பாட்டே.

வெள்ளவத்தையில் வாய்ப்பாட்டுப் பயிலும் அவரது பேத்திக்குத் தோடியின் காந்தாரம் பிடிபடவில்லை. கொப்பியிலோ 'க' என்ற ஒற்றை எழுத்துத்தான் உண்டு. ரிஷபத்துக்கும் மத்திமத்துக்கும் இடையே அது அசையும் அசைவு எங்கும் எழுதப்படவில்லை. ஒருநாள் அக்கீற்றை வெளிச்சத்திற் பிடித்துப் பார்த்தவள் கேட்டாள்: "அம்மப்பா, இதைக் கையாலை கீறேலாதோ?"

கீறியவர் உளர். பி.பி.சி.யின் ரேடியோஃபோனிக் ஒலிக்கூடத்தை 1958இல் தொடங்கியோருள் ஒருவரான டாஃப்னி ஓரம் அம்மையார், மறு ஆண்டே அங்கிருந்து விலகி, கெண்டில் உள்ள தம் இல்லத்தில் 'ஓராமிக்ஸ்' என்னும் பொறியை அமைத்தார். 35 மி.மீ. படச்சுருட்பட்டைகள் 10 ஒருங்கே ஓடும். சுருதியையும் உரப்பையும் அவற்றிற் புள்ளிகளாகவும் கோடுகளாகவும் அவர் தீட்டினார். ஒலியலையின் வடிவைக் கண்ணாடித் தகட்டில் வரைந்தார். கை நடுங்கினால் நடுக்கமும் கேட்கும். 2003இல் அவர் மறைந்தபின் அப்பொறி இலண்டன் விஞ்ஞான அரும்பொருளகத்தைச் சேர்ந்தது. உரிய மதிப்பு அவருக்குக் காலந்தாழ்த்தியே கிடைத்தது.

சோவியத் பொறியியலாளர் எவ்கெனி மூர்சினின் 'ஏ.என்.எஸ்.' கருவி நம்மவர்க்கு இன்னும் நெருக்கமானது. கரிய பசை பூசிய கண்ணாடியைக் கீறினால், கீறிய இடத்தில் ஒளி புகுந்து ஒலிக்கும். ஒரு ஸ்தாயி அதில் 72 கூறுபடும். (மேளகர்த்தாக்களும் 72 என்று மகிழ வேண்டியதில்லை; அவை இராகங்களின் தொகை, இவை சுருதியின் கூறுகள்.) தார்கோவ்ஸ்கியின் 'சொலாரிஸ்' படத்துக்கு, 1972இல், ஆர்த்தெமியெவ் அக்கருவியையும் பயன்படுத்தினார். சாய்கோடு கீறினால் சுருதி வழுக்கும். அலைகோடு கீறினால் அசையும். எழுத்து விட்டுவிடும் கமகத்தைக் கோடு பற்றிக்கொள்கிறது. ஆயினும் எத்துணை உயரத்துக்கு அக்கோட்டை வளைப்பது என்பதைச் செவிதான் சொல்ல வேண்டும். செவியை ஆக்குவதற்குக் கருவி இல்லை.

அன்றிரவு பேத்தி கொப்பியில் 'க'வின் மேல் ஒரு மலைத்தொடர் கீறினாள். அடுத்த வகுப்பில் ஆசிரியை அதனைச் சற்றுநேரம் உற்றுப் பார்த்தார்.

"இரண்டாவது மலை உயரம் காணாது, பிள்ளை. இனிப் பாடும், பாப்பம்."