வரவு இரண்டு மாசம்!

இப்போதெல்லாம் கம்ப்யூட்டர் பையன்கள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு பாலித் தீவுக்குக் கிளம்பிவிடுகிறார்கள். ஆபீஸ் பெங்களூரில், ஆள் கடற்கரையில்! கேட்டால், "அங்கே வருஷம் பூரா ஒரே க்ளைமேட் சார்" என்கிறார்கள். உண்மைதான். பூமத்திய ரேகைக்குத் தெற்கே எட்டு டிகிரி, நாலு பக்கமும் கடல். ஜனவரிக்கும் ஜூலைக்கும் இரண்டு, மூன்று டிகிரிதான் வித்தியாசம்.

சரி, அவ்வளவு தூரம் எதுக்கு? கடலூரிலிருந்து சிதம்பரம் போகிற வழியில் நம்ம செம்மங்குப்பம் இருக்கே! கிழக்கே உப்பனாறு, அதைத் தாண்டினால் வங்கக் கடல். பி.காம். படித்த தோஷம்... வரவு செலவு போட்டுப் பார்த்துடலாம்.

வரவு: ஜனவரி, பிப்ரவரி. மழை ஓய்ந்து, விடியற்காலையில் இருபது, இருபத்திரண்டு டிகிரி. ஃபேனுக்கு லீவு. திண்ணையில் உட்கார்ந்தே மீட்டிங் பேசலாம்.

மீதியெல்லாம் செலவு! நமக்குக் கடல் ஒரு பக்கம்தான். மே, ஜூனில் மேல்காற்று நிலத்துச் சூட்டையெல்லாம் வாரிக்கொண்டு வரும். மத்தியானம் கடல்காற்று எழுந்தால் தப்பித்தோம். மேல்காற்று அதை மறித்துவிட்டால் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். ஜூலையில் கேரளாவில் கொட்டுகிற மழை மேற்குத் தொடர்ச்சி மலையோடு நின்றுவிடும். நமக்குக் கிடைப்பது சாயங்கால இடிமழைதான்.

வருஷ மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டித் தீர்த்துவிடும். கூடவே புயல். 2011 டிசம்பர் 30-ல் 'தானே' கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியது. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. பல கிராமங்களுக்குக் கரன்ட் திரும்ப வாரக்கணக்கில் ஆனது. 2015 நவம்பரில் வெள்ளம். 2024 நவம்பர் 30-ல் 'ஃபெஞ்சல்'. "நெட் ஸ்லோவா இருக்கு" என்று புலம்புகிறவர்களுக்கு இதெல்லாம் தாங்குமா?

தெர்மாமீட்டரில் தெரியாத செலவு ஒன்று பாக்கி. காற்று! பக்கத்திலேயே சிப்காட் ரசாயனத் தொழிற்சாலைகள். 2004-ல் சுற்றுவட்டார ஜனங்களே பக்கெட்டுக்குள் பை வைத்துக் காற்றைப் பிடித்து லேபுக்கு அனுப்பினார்கள். தண்ணி பிடிக்கிற பக்கெட்டில் காற்று! சிரிக்காதீர்கள். ரிசல்ட்டில் விஷ ரசாயனங்கள் இருந்தன. எந்த நேரத்தில் என்ன நாற்றம் வருகிறது என்று நோட்டுப் போட்டும் எழுதி வைத்தார்கள். பாலியில் யார் சார் இப்படிக் கணக்கு எழுதுகிறார்கள்?

லேப்டாப்காரருக்கு ஊர் பிடிக்கவில்லையென்றால் மூட்டையைக் கட்டிவிடலாம். வீடும் நிலமும் வலையும் இங்கேயே இருக்கிறவர்கள் எங்கே போவார்கள்? அவர்களுக்கு இது பன்னிரண்டு மாசக் கணக்கு.

அதனால், பொங்கல் கழித்துத் தாராளமாக வாங்க. ஆனால் ஊர்க்காரர்களிடம் "க்ளைமேட் எப்படி?" என்று கேட்காதீங்க. "இன்னிக்குக் காத்து எந்தப் பக்கம்?" என்று கேளுங்க. கரெக்டாகப் பதில் வரும்!