மின்மகிழுந்து எங்கள் ஊருக்கு வருமா?

"மலேசியா மின்மகிழுந்துக்குத் தயாராகிவிட்டதா?" இந்தக் கேள்வியைக் கோலாலம்பூரில் கேட்டால் ஒரு விடை கிடைக்கும்; கோல சிலாங்கூரில் கேட்டால் வேறு விடை கிடைக்கும். பெஸ்தாரி ஜெயாவைத் தாண்டி, இருபுறமும் செம்பனை நிற்கும் தோட்டச் சாலையில் ஒரு வீட்டு வாசலில் நின்று கேட்டால், "முதலில் மழை பெய்தால் கரண்டு போகாமல் இருக்கட்டும்" என்பார்கள். மூன்றுமே சரியான விடைகள்தாம்.

என் பணி பாடத்திட்டம் சார்ந்தது. மாதத்தில் சில நாள்கள் ஷா ஆலாமிலிருந்து புறப்பட்டு, கோல சிலாங்கூர், தஞ்சோங் காராங், செகிஞ்சான் வழியாகச் சபாக் பெர்ணம் வரை சென்று பள்ளிகளைப் பார்த்துத் திரும்புகிறேன். போகவர 200 கிலோமீட்டருக்கு மேல் ஆகும். என் மகிழுந்துக்கு வயது பன்னிரண்டு. அடுத்து வாங்குவது பெட்ரோலில் ஓடுவதா, மின்சாரத்தில் ஓடுவதா என்ற பேச்சு எங்கள் வீட்டில் ஓராண்டாக நடக்கிறது. என் கணவர் விலையைப் பார்க்கிறார். பதினாறு வயது மகள் காற்றுத் தூய்மையைப் பற்றிப் பேசுகிறாள். நான் வழியில் உள்ள ஊர்களைப் பார்க்கிறேன்.

பலரும் முதலில் அஞ்சுவது தூரத்தைக் கண்டுதான். நடுவழியில் மின்கலம் தீர்ந்துவிட்டால் என்ன செய்வது? இந்த அச்சம் சற்று மிகையானது என்பது என் கருத்து. இன்று விற்கப்படும் நடுத்தர மின்மகிழுந்துகள் ஒருமுறை மின்னூட்டினால் 300 முதல் 400 கிலோமீட்டர் வரை ஓடுகின்றன. சபாக் பெர்ணம் போய் வர அது தாராளமாகப் போதும். தூரத்தைவிட முக்கியமான கேள்வி வேறொன்று: இரவில் அந்த வண்டி எங்கே நிற்கப் போகிறது?

பெட்ரோல் வண்டி எங்கே நின்றாலும் கவலையில்லை. ஐந்து நிமிடம் எண்ணெய் நிலையத்தில் நிறுத்தினால் போதும். மின்மகிழுந்து அப்படியல்ல. அது கைப்பேசியைப் போன்றது. நாம் உறங்கும்போது அது மின்னூட்டம் பெற வேண்டும். வீட்டுச் சுவரில் உள்ள சாதாரண மின்செருகியில் மாட்டினால், 50 யூனிட் கொள்ளும் மின்கலம் நிரம்ப ஏறக்குறைய 20 மணி நேரம் ஆகும். அதற்கென்று தனியாகப் பொருத்தும் 7 கிலோவாட் கருவியில் ஏழெட்டு மணி நேரம் போதும். நெடுஞ்சாலை ஓய்விடங்களில் உள்ள விரைவு மின்னூட்டிகள் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்தில் பெரும்பகுதியை நிரப்பிவிடும். ஆனால், அந்த விரைவுக்குத் தனி விலை உண்டு.

அந்த விலையை நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள். ஒரு மின்மகிழுந்து 100 கிலோமீட்டர் ஓட ஏறக்குறைய 15 யூனிட் மின்சாரம் வேண்டும். வீட்டு மின்சாரம் யூனிட்டுக்கு 45 சென் என்று வைத்துக்கொண்டால் 7 ரிங்கிட்டுக்கும் குறைவு. அதே தூரத்துக்குப் பெட்ரோல் மகிழுந்து 7 லிட்டர் குடிக்கும் என்று கொள்வோம். 2025 செப்டம்பர் இறுதியில் தொடங்கிய புடி95 திட்டத்தின்படி குடிமக்களுக்கு ஒரு லிட்டர் 1 ரிங்கிட் 99 சென். ஆக, 14 ரிங்கிட். வீட்டில் மின்னூட்டுபவருக்குப் பாதிச் செலவு மிச்சம். ஆனால், பொது இடத்து விரைவு மின்னூட்டியில் ஒரு யூனிட் ஒரு ரிங்கிட்டைத் தாண்டும். 1 ரிங்கிட் 30 சென் என்று வைத்தால், 100 கிலோமீட்டருக்கு 19 ரிங்கிட் 50 சென். பெட்ரோலைவிட அதிகம்!

என் தங்கை ஈஜோக் பக்கம் ஒரு மலிவுவிலை அடுக்குமாடியில் நான்காம் மாடியில் குடியிருக்கிறாள். கீழே வாகன நிறுத்துமிடம் முந்தி வந்தவருக்கே சொந்தம். நான்காம் மாடியிலிருந்து கம்பியைத் தொங்கவிடவா முடியும்? எனக்கோ தரைவீடு, வாசலிலேயே வண்டி நிற்கும். ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள் இருவர் ஒரே வகை வண்டியை வாங்கினால்கூட, நான் 7 ரிங்கிட் கொடுக்கும் இடத்தில் அவள் 19 ரிங்கிட் கொடுப்பாள். என்னைவிட அவளுக்கு வருமானம் குறைவு என்பதையும் சேர்த்துப் பாருங்கள். நாடு தயாரா என்று கேட்பவர்கள் பெரும்பாலும் தரைவீட்டில் இருந்துகொண்டு கேட்கிறார்கள் என்று எனக்குச் சில வேளைகளில் தோன்றும்.

அரசாங்கம் கைகட்டி நிற்கவில்லை. 2022 தொடக்கத்திலிருந்து மின்மகிழுந்துகளுக்கு வரிவிலக்கு அளித்தது. 2025க்குள் நாடு முழுவதும் 10,000 பொது மின்னூட்டிகள் என்று இலக்கும் வைத்தது. அந்த ஆண்டின் முற்பகுதியில் எண்ணிக்கை நாலாயிரத்தை ஒட்டியே இருந்தது. அவற்றிலும் பெரும்பாலானவை நகரங்களிலும் பேரங்காடிகளிலும் உள்ளவை. 2024இல் மலேசியாவில் எட்டு இலட்சத்துக்கும் அதிகமான புதிய வாகனங்கள் விற்கப்பட்டன. முழுமையாக மின்சாரத்தில் ஓடுபவை நூற்றுக்கு மூன்றுகூட இல்லை. அதே ஆண்டு நோர்வேயில் விற்ற புதிய மகிழுந்துகளில் நூற்றுக்கு 89 மின்மகிழுந்துகள். அவர்கள் 1990களிலேயே சலுகைகளைத் தொடங்கிவிட்டார்கள். அடுக்குமாடியில் குடியிருப்போருக்கும் மின்னூட்டும் உரிமை உண்டு என்று சட்டமும் இயற்றினார்கள். அங்கே பணம் அதிகம். மலையருவி மின்சாரமும் அதிகம். அவற்றை நாம் எடுத்து வர முடியாது. அந்தச் சட்டத்தை எடுத்து வரலாம்.

விலையும் இறங்கி வருகிறது. 2024 டிசம்பரில் புரோட்டோன் தன் முதல் மின்மகிழுந்தை வெளியிட்டபோது அதன் விலை ஓர் இலட்சம் ரிங்கிட்டை ஒட்டியிருந்தது. அடுத்த ஆண்டே 60,000 ரிங்கிட்டுக்குக் கீழ் தொடங்கும் இன்னொன்றை வெளியிட்டது. நல்ல செய்திதான். ஆனாலும், மாதம் 1,700 ரிங்கிட் குறைந்தபட்சச் சம்பளம் வாங்கும் தோட்டத் தொழிலாளி ஒருவர், உண்ணாமல் உடுக்காமல் மூன்று ஆண்டுச் சம்பளத்தைச் சேர்த்தால்தான் அதை வாங்கலாம்.

மின்சாரம் எங்களைத் தேடி மெதுவாகத்தான் வரும் என்பதை நான் சிறு வயதிலேயே கண்டவள். கோல சிலாங்கூர் வட்டாரத்தில் ஒரு தோட்டத்து லயத்தில் நாங்கள் இருந்தோம். இந்த வட்டாரத்துக்கு வரலாற்றில் ஒரு பெருமை உண்டு. நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917இல் இங்கேதான், பத்தாங் பெர்ஜுந்தையில் உருவானது. பத்தாங் பெர்ஜுந்தை என்பது பெஸ்தாரி ஜெயாவின் பழைய பெயர். எங்கள் பெரியவர்களுக்கு இன்றும் அதுதான் பெயர். அந்தத் தோட்டத்தின் பெயர் தென்னமரம். செம்பனைத் தோட்டத்துக்குத் தென்னையின் பெயர், அதுவும் தமிழில்! நாங்கள் இருந்தது அங்கன்று. அதற்கு அப்பால் ஒரு சிறிய தோட்டம்.

மாலை ஆறரை மணிக்கு டீசல் மின்னாக்கியை இயக்குவார்கள். நாங்கள் அதை 'இஞ்சின்' என்போம். இரவு பத்து மணிக்கு இஞ்சின் நிற்கும். நிற்பதற்கு ஐந்து நிமிடம் முன்பு விளக்கு ஒருமுறை மங்கி எரியும். அதுதான் எங்களுக்கு மணியோசை. அம்மா உடனே பாடப் புத்தகங்களை எடுத்து வைக்கச் சொல்வார். அண்ணன் மண்ணெண்ணெய் விளக்கைத் துடைப்பான். மின்சார இஸ்திரிப் பெட்டி போடக் கூடாது என்பது தோட்ட நிர்வாகத்தின் கட்டளை. போட்டால் லயம் முழுவதும் இருண்டுவிடும். அதனால் பள்ளிச் சீருடைக்குக் கரிப்பெட்டிதான். இவ்வளவுக்கும், லயத்துக்குப் பின்னால் செம்பனை மரங்களின் தலைக்கு மேலே உயர் அழுத்த மின்கம்பிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. மழைநாளில் அவற்றிலிருந்து வண்டு முரல்வதுபோல் ஒலி வரும். "அதோ போகுது பார் கரண்டு, பட்டணத்துக்கு" என்பார் அப்பா. எங்கள் லயத்துக்குப் பொது மின்சாரம் வந்தபோது நான் ஐந்தாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன்.

அப்பா கைகாட்டிய அந்த மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்பதும் இந்தப் பேச்சில் சேர வேண்டியதுதான். எங்களுக்குத் தெற்கே காப்பாரில், கடலோரமாகச் சுல்தான் சலாஹுடின் அப்துல் அசிஸ் மின்நிலையம் இருக்கிறது. நாட்டின் மிகப் பெரிய மின்நிலையங்களுள் ஒன்று. அங்கே முக்கிய எரிபொருள் நிலக்கரி. "அப்படியென்றால் புகை வண்டியின் வாலிலிருந்து காப்பார் புகைபோக்கிக்கு இடம் மாறுகிறது, அவ்வளவுதானே?" என்று மகளிடம் கேட்டேன். அவள் விடவில்லை. பெட்ரோல் இயந்திரம் எரிபொருளின் ஆற்றலில் நான்கில் ஒரு பங்கைத்தான் சக்கரத்துக்குத் தருகிறது. மிச்சம் வெப்பமாகப் போகிறது. மின்னோடியோ பெற்ற மின்சாரத்தில் பெரும்பகுதியை ஓட்டமாக மாற்றிவிடும். ஆகவே, நிலக்கரி கலந்த மின்சாரத்தில் ஓடினாலும் மொத்தக் கரிப்புகை குறைவுதான் என்றாள். 2044க்குள் நிலக்கரியைக் கைவிடுவதாக நாடு திட்டமிட்டிருப்பதையும் சொன்னாள். என்னால் மறுக்க முடியவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் மகிழுந்தைவிட விசையுந்துதான் குடும்ப வண்டி. காலையில் வெட்டுக்காட்டுக்குப் போவதும், பிள்ளையைப் பள்ளியில் விடுவதும், கடைக்குப் போவதும் கப்சாயில்தான். ஒரு நாளைக்கு 30 கிலோமீட்டர் ஓடினால் அதிகம். அதன் மின்கலம் சிறியது. கழற்றி வீட்டுக்குள் கொண்டுபோய்ச் சாதாரணச் செருகியிலேயே மின்னூட்டும் வகைகள் உண்டு. நான்காம் மாடிக்கும் தூக்கிச் செல்லலாம். 2023 இறுதியில் மின்விசையுந்து வாங்குவோருக்கு அரசு 2,400 ரிங்கிட் கழிவு அறிவித்தது. ஆண்டு வருமானம் 120,000 ரிங்கிட்டுக்கு மேற்படாதவர்களுக்கு அது. மின்மகிழுந்துகளைப் பற்றி நாளிதழ்களில் வரும் செய்திகளில் பத்தில் ஒரு பங்காவது இதைப் பற்றி வந்தால் நன்றாயிருக்கும்.

இவை எல்லாவற்றையும்விட என்னை யோசிக்க வைத்தவர் என் சின்ன மாமா. புக்கிட் ரோத்தானில் சாலையோரமாக வாகனப் பட்டறை வைத்திருக்கிறார். முப்பது ஆண்டுத் தொழில். தீபாவளிக்குப் போயிருந்தபோது என்னைத் தனியாக அழைத்துக் கேட்டார்.

"ஏம்மா, நீ படிச்ச பொண்ணு. உன் தம்பி எஸ்.பி.எம். முடிக்கப் போறான். பட்டறையிலேயே நிக்கிறேன்னு சொல்றான். இந்த மின்சார வண்டி வந்துட்டா பட்டறை இருக்குமா?"

நாங்கள் இருவரும் உட்கார்ந்து அவர் செய்யும் வேலைகளை ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தோம். இயந்திர எண்ணெய் மாற்றுவது, தீப்பொறிச் செருகி, டைமிங் பெல்ட், கிளட்ச், புகைக்குழாய் – மின்மகிழுந்தில் இவை எதுவும் இல்லை. டயர், பிரேக், அதிர்வு தாங்கி, குளிர்சாதனம் – இவை இருக்கும். மாதாந்தர வருமானத்தில் பாதிக்கு மேல் முதல் வரிசையிலிருந்து வருகிறது என்று மாமா சொன்னார். மின்மகிழுந்தின் மின்கலத்தில் 400 வோல்ட் அளவுக்கு மின்னழுத்தம் இருக்கும். பயிற்சியும் காப்புக் கையுறையும் இல்லாமல் தொட்டால் உயிருக்கே ஆபத்து. பார்த்துப் பார்த்துப் பழகும் தொழில் இல்லை இது.

"உடனே மூடுற நிலைமை இல்ல மாமா," என்றேன். இன்று விற்கும் பெட்ரோல் வண்டிகளே இன்னும் பதினைந்து ஆண்டு ஓடும். தோட்டப்புறத்தில் அதற்கு மேலும் ஓடும். ஆனால், தம்பிக்கு வயது பதினேழு. அவனுக்கு நாற்பது ஆண்டு வேலை வேண்டும். எனவே, வாகனத் தொழிலோடு மின்னியலும் கற்றுத்தரும் தொழிற்கல்லூரிப் பட்டியலைத் தேடி அவனிடம் கொடுத்தேன். மாமாவுக்கு அரைமனம். ஒற்றை மகன் பட்டறையை விட்டுப் போகிறானே என்ற வருத்தம் அவருக்கு. தம்பி விண்ணப்பித்துவிட்டான். விடுமுறைகளில் வந்து பட்டறையில் நிற்பதாக வாக்குக் கொடுத்திருக்கிறான்.

நாங்கள் இன்னும் எதையும் வாங்கவில்லை. மின்வாரியத்தின் ஒப்பந்தக்காரர் ஒருவர் வந்து எங்கள் வீட்டு மின்கம்பிகள் 7 கிலோவாட் கருவியைத் தாங்குமா என்று பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். மாமாவின் பட்டறைக்கு இதுவரை ஒரே ஒரு மின்மகிழுந்து வந்திருக்கிறது. டயரில் ஆணி குத்தி வந்தது. பத்து நிமிடத்தில் ஒட்டி அனுப்பிவிட்டாராம். காசு வாங்கும்போது, "முன்பக்கத்தைத் திறந்து காட்டுங்க, ஒரு தடவை பார்த்துக்கிறேன்" என்று கேட்டு, தம்பியையும் கூப்பிட்டுக் காட்டினாராம்.