காருக்குக் கீழே ஒரு கறை

வெள்ளவத்தையில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் மாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஆறு வாகனங்கள் நிறுத்தலாம். மூன்றாவது இடம் எங்களுடையது. 2023ஆம் ஆண்டின் ஆரம்பத்தில் ஒருநாள் சுபஹ் தொழுதுவிட்டு வந்துகொண்டிருந்தேன். முதலாம் மாடியில் இருக்கும் யாழ்ப்பாணத்து அன்ரி படிக்கட்டில் என்னை நிறுத்தினார்.

“தம்பி, உங்கட காருக்குக் கீழ ஒரே எண்ணெயாக் கிடக்கு. நேற்றுக் கூட்ட வந்த பிள்ளை வழுக்கி விழப் பாத்தது. ஒருக்கா என்னெண்டு பாருங்கோ.”

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அண்டை வீட்டாரின் உரிமைகளைப் பற்றி எத்தனையோ மிம்பர்களில் பேசியவன் நான். ஆனால் உண்மையைச் சொன்னால், அந்தக் கறை எனக்குப் புதிதல்ல. அது பல மாதங்களாகவே அங்கு இருந்தது. மாதத்துக்கு அரை லீற்றர் ஒயில் வாங்கி ஊற்றிவிட்டு, பழைய வண்டி என்றால் அப்படித்தான் என்று இருந்துவிட்டேன். அந்தக் காசை எழுதிவைத்தது என் மனைவிதான். வீட்டுக் கணக்குக் கொப்பியில் பால்மாவுக்கும் மின்சாரத்துக்கும் கீழே மாதாமாதம் ‘கார் ஒயில்’ என்று ஒரு வரி இருக்கும். “இது மகளின் கொப்பி, புத்தகச் செலவைவிடக் கூடப் போகுது” என்று அவர் இரண்டு தடவை சொல்லியும் விட்டார்.

கார் 1994ஆம் வருடத்து டொயோட்டா கொரோலா. அந்த நேரத்தில் அதை விட்டால் வேறு கார் வாங்குவது என்பது நினைத்துப் பார்க்கவும் முடியாத காரியம். 2020 மார்ச் மாதத்தில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபா அளவுக்குப் போனது. தனியார் வாகனங்களுக்கு மீண்டும் கதவு திறந்தது 2025இல்தான். இடைப்பட்ட காலத்தில் முப்பது வயதுக் கார்களெல்லாம் பவுன் நகைபோல் விலையேறிவிட்டன.

அன்ரி சொன்ன அன்றே காரை ஒரு கராஜுக்குக் கொண்டுபோனேன். அங்கிருந்த இளைஞர் காரை உயர்த்திக் கீழே போய்ப் பார்த்தார். எஞ்சினும் கியர் பொக்ஸும் சேரும் இடத்தில் ஒயில் திரண்டு நின்றது. “கிராங் பின் சீல் போயிருக்கு, மௌலவி. கியர் பொக்ஸைக் கழற்றித்தான் மாற்ற வேணும்” என்றார். கூலியும் சாமானுமாக 65,000 ரூபா வரும் என்றார். அந்தச் சீல் பத்து விரலுக்குள் அடங்கும் ஒரு ரப்பர் வளையம்தான். அதை அடைவதற்காக முழுக் கியர் பொக்ஸையும் இறக்க வேண்டியிருப்பதால்தான் அவ்வளவு காசு. மத்ரஸா சம்பளத்தில் அதற்கு எங்கே போவது?

ஊரில் ஆலோசனைக்கு என்றும் பஞ்சமில்லை. ஒருவர் தடிப்பான ஒயில் ஊற்றச் சொன்னார். இன்னொருவர் ரப்பரை ஊதவைத்துக் கசிவை நிறுத்தும் திரவம் ஒன்று போத்தலில் கிடைக்கிறது என்றார். வாகனத் தரகு செய்யும் நண்பர் சொன்னதுதான் என்னைப் பிடித்துக்கொண்டது. “வித்துடுங்க ஹஸ்ரத். சேர்விசுக்குப் போட்டு எஞ்சினை நல்லாக் கழுவி எடுங்க. ரெண்டு நாளைக்கு ஒரு சொட்டும் விழாது.”

சகோதரிகளே, அதை நான் செய்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. எஞ்சினைக் கழுவினேன். அது பளபளவென்று இருந்தது. மறுநாளே கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு தமிழ் இளைஞர் வந்து பார்த்தார். முப்பது வயதுக்குள் இருக்கும், அமைதியான பிள்ளை. அவருடைய தாயாருக்குப் புற்றுநோய். மாதத்தில் இரண்டு மூன்று தடவை மஹரகமை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போகவேண்டும். ஓட்டோவின் குலுக்கலை அந்தத் தாயால் தாங்க முடியவில்லையாம். விலை பேசினோம், அவருக்கும் பிடித்துவிட்டது. வெள்ளிக்கிழமை காசோடு வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அது திங்கட்கிழமை. புதன்கிழமை வகுப்பில் வியாபாரப் பாடம் நடந்துகொண்டிருந்தது. ஷாபிஈ பிக்ஹில் அந்த இடத்தில் ஒரு மஸ்அலா வரும். ஆட்டையோ ஒட்டகத்தையோ விற்க நினைப்பவன், சில நாட்கள் பால் கறக்காமல் மடியைக் கட்டி வைப்பான். மடி பெருத்துத் தெரியும். வாங்குபவன் தினமும் இவ்வளவு பால் கிடைக்குமென்று நம்பி ஏமாறுவான். நபி (ஸல்) அவர்கள் அதைத் தடுத்திருக்கிறார்கள். ஏமாந்தவன் விரும்பினால் வைத்துக்கொள்ளலாம், விரும்பாவிட்டால் ஒரு ஸாஉ பேரீச்சம்பழத்தோடு திருப்பிக் கொடுத்துவிடலாம். இருபது வருடங்களாகச் சொல்லிக்கொடுக்கும் பாடம் அது. அன்று ஒரு மாணவர், “ஹஸ்ரத், இந்தக் காலத்தில் இதற்கு என்ன உதாரணம்?” என்று கேட்டார். கழுவிய எஞ்சின் என் கண்முன்னே வந்து நின்றது. ஏதோ ஒரு பதிலைச் சொல்லிப் பாடத்தை முடித்தேன்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவர் பருப்புக் கழுவிக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்க்காமலே கேட்டார்: “அப்ப அந்தப் பிள்ளைக்கிட்ட ஒயில் ஒழுகிறதைச் சொல்லல்லயா?”

“இன்னும் இல்லை.”

“அந்த உம்மாவை ஏத்திக்கிட்டுப் போகைக்குள்ள வழியில நிண்டா?”

இந்த இடத்தில் கார் பாவிக்கும் வீடுகளுக்காக ஒன்று சொல்லிவைக்கிறேன். எஞ்சினுக்குள் ஒன்றோடொன்று உரசி ஓடும் இரும்புகளுக்கு இடையே மெல்லிய படலமாக நிற்பது இந்த ஒயில்தான். என் காரின் அளவுள்ள எஞ்சினுக்குள் இருப்பதே சுமார் மூன்று லீற்றர். அது குறைந்துபோனால் இரும்பும் இரும்பும் உரசிச் சூடேறி எஞ்சின் இறுகிவிடும். முன்பலகையில் கேத்தல் போன்ற படத்தோடு ஒரு சிவப்பு விளக்கு இருக்கிறதல்லவா? அது ஒயிலின் அளவைக் காட்டும் விளக்கு என்று பலர் நினைக்கிறார்கள். அது காட்டுவது ஒயிலின் அழுத்தத்தை. அது எரியும்போது காரியம் ஏற்கெனவே முற்றியிருக்கும். ஓடும்போது அது எரிந்தால் வீடுவரை போய்ப் பார்ப்போம் என்று எண்ணாமல், ஓரமாக நிறுத்தி உடனே எஞ்சினை அணைத்துவிடுங்கள். அளவைப் பார்க்க ஒயில் கோல் இருக்கிறது. சமதரையில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, ஐந்து நிமிடம் பொறுத்து, கோலை உருவித் துடைத்து, மறுபடி செருகி எடுத்துப் பார்க்கவேண்டும். இரண்டு குறிகளுக்கும் இடையில் ஒயில் நிற்கவேண்டும். அடுப்படியில் எண்ணெய்ப் போத்தலைப் பார்ப்பதைவிடச் சிரமமான வேலையல்ல.

அன்றிரவே அந்த இளைஞருக்குத் தொலைபேசி எடுத்தேன். ஒயில் கசிவதையும், அதை மறைக்க எஞ்சினைக் கழுவியதையும், கராஜில் சொன்ன தொகையையும் சொன்னேன். வேண்டாமென்றால் விட்டுவிடலாம், வேண்டுமென்றால் 65,000 ரூபாவைக் குறைத்துக்கொள்ளலாம் என்றேன். மறுமுனையில் சற்று நேரம் சத்தமில்லை. பிறகு, “எங்கட மாமா பழைய மெக்கானிக். அவர் ஒருக்காப் பார்க்கட்டும். வெள்ளிக்கிழமை காரை இங்க கொண்டுவர ஏலுமா, மௌலவி?” என்று கேட்டார்.

ஜும்ஆவுக்குப் பிறகு காலி வீதி வழியாகக் கோட்டைக்குப் போய், புறக்கோட்டை நெரிசலைக் கடந்து கொட்டாஞ்சேனை போய்ச் சேர அஸர் நேரமாகிவிட்டது. சாந்த லூசியாள் பேராலயத்தின் குவிமாடம் தெரியும் ஓர் ஒடுங்கிய ஒழுங்கை. வாசலில் சாரமும் பெனியனுமாக ஒரு பெரியவர் நின்றார். கைகளில் நகக்கண் வரைக்கும் கறுப்பு.

அவர் காருக்குக் கீழே குனியவே இல்லை. பொனட்டைத் திறந்து, டோர்ச் வெளிச்சத்தை மேலேயிருந்து மெல்ல மெல்லக் கீழே இறக்கினார். எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

“கசிவு கீழே அல்லவா இருக்கிறது?” என்றேன்.

“கீழ இருக்கிறது கசிவில்ல மௌலவி, எண்ணெய். எண்ணெய் எங்க இருந்து வந்தாலும் கீழதானே இறங்கும்? ஓடேக்க காத்து வேற அதைப் பின்னால அடிச்சுக்கொண்டு போகும். ஓட்டு வீட்டில மழை ஒழுகினா, சொட்டுற இடத்துக்கு நேர மேலயா ஓடு உடைஞ்சிருக்கும்?”

பிறகு அவர் விரலைக் கொண்டுபோய்க் கியர் பொக்ஸின் மேற்பக்கத்தைத் தொட்டுக் காட்டினார். ஐந்து நாட்களுக்கு முன் கழுவிய இடம் மறுபடி ஈரமாக இருந்தது. கிராங் பின் சீல் போயிருந்தால் ஒயில் உள்ளேயே இறங்கி அடியில்தான் வெளிவரும், மேல்தளம் காய்ந்திருக்கும் என்றார். அந்த ஈரத்தை முகர்ந்தும் பார்த்தார். கியர் ஒயிலென்றால் கந்தக நாற்றம் வருமாம். இதில் அது இல்லை. ஆக, எஞ்சின் ஒயில்தான், ஆனால் மேலேயிருந்து வருகிறது.

எஞ்சின் நன்றாக ஆறும்வரை இருந்து, மின்சார இணைப்புகளைப் பொலித்தீனால் மூடிவிட்டு, மண்ணெண்ணெயும் தூரிகையுமாக அந்தப் பக்கத்தை மட்டும் கழுவித் துடைத்தார். அவர் கழுவியதும் நான் கழுவித்ததும் ஒரே வேலைதான். அவர் கழுவியது கசிவைக் கண்டுபிடிக்க. “அக்கா, உன்ர பவுடர் டின்னைத் தா” என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். அப்போதுதான் அந்தத் தாயைக் கண்டேன். தலையில் முடி உதிர்ந்து, ஒரு துணியால் கட்டியிருந்தார். பவுடர் டின்னோடு வந்து, சிரித்துக்கொண்டே, “காருக்கும் பூசப்போறியா?” என்றார்.

துடைத்த இடமெங்கும் பவுடரைத் தூவினார். முகத்துவாரம் வரை ஒருமுறை ஓட்டிப்போய்த் திரும்பி வந்தோம். பொனட்டைத் திறந்தபோது வெள்ளைப் பவுடரில் கபில நிறத்தில் ஒரு நூல் இறங்கியிருந்தது. அந்த நூலைப் பிடித்துக்கொண்டு டோர்ச் வெளிச்சம் மேலே ஏறியது. அது போய் நின்ற இடம் டிஸ்ட்ரிபியூட்டர், எந்தப் பிளக்குக்கு எப்போது பொறி போகவேண்டுமென்று பங்கிட்டுக் கொடுக்கும் பாகம். இந்த எஞ்சினில் அது தலைப் பகுதியின் ஓரத்தில், கியர் பொக்ஸுக்கு நேர் மேலே இருக்கிறது. அதன் கழுத்தில் ஒரு ரப்பர் வளையம். எஞ்சின் சூட்டில் வருடக்கணக்காக இருந்து அந்த ரப்பர் இறுகிவிட, ஒயில் அதைச் சுற்றி வெளியே வந்து, கியர் பொக்ஸின் மேல் வழிந்து, எஞ்சினோடு அது சேரும் இடத்தில் திரண்டு நின்றிருக்கிறது. கீழேயிருந்து பார்த்த கராஜ் இளைஞரைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் கண்டது உண்மை. அவர் கண்டது கடைசித் தரிப்பிடத்தை.

கழற்றுவதற்கு முன், டிஸ்ட்ரிபியூட்டரும் எஞ்சினும் சேரும் இடத்தில் ஆணியால் ஒரு கோடு கீறினார். திருப்பிப் பூட்டும்போது கோடு நேராக வந்தால்தான் பொறி விழும் நேரம் மாறாதாம். கழற்றியெடுத்த வளையத்தை என் உள்ளங்கையில் வைத்தார். உருண்டையாக இருக்கவேண்டியது தட்டையாகி, நகத்தால் அழுத்தினால் பிளாஸ்டிக் போல் கடினமாக இருந்தது. இளைஞர் அதை எடுத்துக்கொண்டு பஞ்சிகாவத்தைக்கு ஓடினார். கொழும்பில் பழைய வாகனத்தின் எந்தச் சாமானும் தேடினால் கிடைக்கும் வீதி அது. புது வளையம் 350 ரூபா!

அவர் வருவதற்குள் பெரியவர் இன்னொன்றைப் பார்த்தார். எஞ்சினுக்குள் சேரும் ஆவியை வெளியே இழுக்க, மேல் மூடியில் பெருவிரல் அளவு ஒரு வால்வு இருக்கிறது. எடுத்துக் குலுக்கினால் கிலுகிலுப்பை போல் சத்தம் வரவேண்டும். எங்களுடையது ஊமையாக இருந்தது. உள்ளே கரி அடைத்து, போக வழியில்லாத ஆவிதான் ஒயிலைப் பலவீனமான இடங்களால் தள்ளியிருக்கிறது. “இதை விட்டுட்டு வளையத்தை மட்டும் மாத்தினா ஆறு மாசத்தில திரும்ப வருவீங்க” என்றார். அதையும் மாற்றினோம். மேல் மூடியின் பெக்கின் ஒரு மூலையில் கசிய ஆரம்பித்திருந்தது, அதுவும் புதிதாகப் போட்டது. சிலர் பெக்கினுக்குப் பதிலாகப் பசையை அள்ளிப் பூசிவிடுவார்களாம். மிஞ்சிய பசை உள்ளே உடைந்து விழுந்து, ஒயில் உறிஞ்சும் வலையை அடைத்துவிடும் என்றார். எல்லாமாக 4,000 ரூபாவுக்குள் முடிந்தது. கூலியாக நான் நீட்டிய காசைப் பெரியவர் வாங்கவில்லை. “அக்காவின்ர கார்தானே” என்றார்.

அந்த வார்த்தை என்னைச் சற்றுத் தடுமாறவைத்தது. காரணம், வளையத்தின் விலையைக் கேட்ட நிமிடத்திலிருந்தே என் மனம் வேறு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. கசிவுக்காகத்தானே விற்க நினைத்தேன்? அது நின்றுவிட்டதே. வியாபாரம் இன்னும் முடியவில்லை, முற்பணமும் வாங்கவில்லை. சட்டப்படி நான் பின்வாங்கலாம். குறைந்தது அந்த 65,000 ரூபாவையாவது திருப்பிக் கேட்கலாம், குறைதான் இல்லையே. மஸ்அலாவைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். வழி இருக்கத்தான் செய்தது. இளைஞரும் அதைப் புரிந்துகொண்டார். “மௌலவி, இப்ப குறை இல்லைதானே. பழைய விலைக்கே தாறதெண்டாலும் சரி” என்று அவராகவே சொன்னார். சொல்லும்போது தாயின் பக்கம் ஒருமுறை பார்த்தார். அந்தக் காசை எங்கே புரட்டுவது என்று அவர் யோசித்தது எனக்கு விளங்கியது.

சொன்ன விலைக்கே கொடுத்தேன். கறையைப் பார்த்துக்கொண்டே மாதக்கணக்கில் சும்மா இருந்தவன் நான். கழுவி விற்க நினைத்தவனும் நான்தான்.

காலி வீதியில் 100ஆம் இலக்க பஸ்ஸைப் பிடித்து வீடு வந்தேன். மனைவி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, கணக்குக் கொப்பியை எடுத்து ‘ரப்பர் வளையம் 350’ என்று எழுதினார். அதற்குக் கீழே 65,000 என்றும் எழுதினார். அதற்கு என்ன பெயர் போடுவதென்று சற்று யோசித்து, பெயர் போடாமலே விட்டுவிட்டார்.

அடுத்த நாள் மரத்தூளும் சவர்க்காரத் தூளும் போட்டுத் தேய்த்துக் கீழ்த்தளத்துக் கறையை ஓரளவுக்குப் போக்கினேன். ஒரு வாரம் கழித்து அன்ரி மறுபடி படிக்கட்டில் கண்டார்.

“தம்பி, நிலம் நல்லாக் காய்ஞ்சு கிடக்கு. காரைத் திருத்திப்போட்டியளோ?”

“திருத்தியாகிவிட்டது அன்ரி” என்றேன். “கொட்டாஞ்சேனையில் நிற்கிறது.”