கைப்பிடிச்சுவர்

வேதவாசிப்பு: உபாகமம் 22:8



2016 டிசம்பர் 12, திங்கட்கிழமை. வர்தா புயல் சென்னையைக் கடந்த அந்தப் பிற்பகலை உங்களில் பலர் மறந்திருக்க மாட்டீர்கள். மந்தைவெளியில் அப்போது நாங்கள் குடியிருந்த வீட்டில், இந்த வீட்டைக் காத்தருளும் ஆண்டவரே என்று குடும்பமாய் முழங்காற்படியிட்டு ஜெபித்துக்கொண்டிருந்தோம். மேலே பெரும் ஓசை கேட்டது. துணி உலர்த்துவதற்காக மொட்டைமாடியில் போட்டிருந்த கூரையின் தகரம் ஒன்று பெயர்ந்து பறந்துவிட்டது.

காற்று அடங்கியபின் இறங்கிப்போய்ப் பார்த்தேன். தெருமுனையில் இஸ்திரி வண்டி நிற்கும் இடத்தில் அது மடங்கிக் கிடந்தது. நாள்தோறும் அங்கே நிற்கும் சகோதரி, மழைக்குப் பயந்து அன்று வரவில்லை. பிறகு அவரைக் கண்டு வருத்தம் தெரிவித்தபோது, "பரவாயில்லைங்க ஐயா, இனிமே மழைக்காலத்துல வண்டியைத் தள்ளிப் போட்டுக்கிறோம்" என்றார்.

அந்தச் சொல் என் இருதயத்தைக் குத்திற்று. தகரத்தைப் பிடித்திருந்த கொக்கி போல்ட்டுகள் துருப்பிடித்திருந்ததை நான் அறிவேன். என் மனைவி இருமுறை நினைவூட்டியும், பிறகு பார்க்கலாம் என்றிருந்தவன் நான். தள்ளிப்போக வேண்டியவர் அவரா?

புதுவீடு கட்டுகிறவன் மாடியைச் சுற்றிக் கைப்பிடிச்சுவர் எழுப்பவேண்டும், இல்லாவிடில் விழுந்தவனுடைய இரத்தப்பழி அவ்வீட்டின்மேல் வரும் என்கிறது நியாயப்பிரமாணம். பலிபீடத்திற்கு அளவு சொன்ன தேவன், மாடிச்சுவருக்கும் கட்டளை கொடுத்தார். என் வீட்டினால் பிறனுக்குத் தீங்கு நேராதபடி பார்ப்பதும் ஆராதனையே.

புயற்காற்று கூரையைக் கீழ்நோக்கி அழுத்துவதைவிட மேல்நோக்கி உறிஞ்சித் தூக்குவதே அதிகம். ஓரங்களிலும் மூலைகளிலும் அந்த விசை மிகுதி. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 875 விதி, கட்டட வடிவமைப்புக்காகச் சென்னைக்கு வகுத்துள்ள அடிப்படைக் காற்றுவேகம் மணிக்கு 180 கிலோமீட்டர். தகரத்தின்மேல் நாம் வைக்கும் நாலு செங்கல் அதன்முன் எம்மாத்திரம்?

ஆகையால் இந்த வாரம் ஒருமுறை மாடியேறிப் பாருங்கள். தகரத்தின் ஒவ்வொரு போல்ட்டும் இறுகியிருக்கிறதா? அது பிடித்திருக்கும் இரும்புச்சட்டம் அரித்துப்போயிருக்கிறதா? சன்னலின்மேல் உள்ள சஜ்ஜாவில் விரிசல் உண்டா? புயல் எச்சரிக்கை வந்தால் பிளாஸ்டிக் தண்ணீர்த்தொட்டியை நிரப்பிவையுங்கள்; வெறுந்தொட்டியைக் காற்று எளிதில் உருட்டிவிடும். கைப்பிடிச்சுவர்மேல் வைத்த பூந்தொட்டிகளை இறக்கிவிடுங்கள். வாடகை வீடானால் உரிமையாளரிடம் பேசுங்கள். அடையாறிலும் தியாகராய நகரிலும் அடுக்குமாடிகளில் வசிப்போர், குடியிருப்போர் சங்கத்தில் இதை எடுத்துச் சொல்லுங்கள். தனியாய் வாழும் முதியோருக்காக நம் வாலிபர்கள் ஏறிப் பார்க்கட்டும்.

கன்மலைமேல் கட்டினவனுக்கும் மணல்மேல் கட்டினவனுக்கும் ஒரே காற்றுதான் அடித்தது என்று நம் ஆண்டவர் சொன்னார். விசுவாசிக்குப் புயல் வராது என்று அவர் வாக்குக் கொடுக்கவில்லை. கேட்டபடி செய்கிறவனையே புத்தியுள்ளவன் என்றார். அன்று நான் ஜெபித்ததில் தவறில்லை. எழுந்து ஒரு திருகுசாவியை எடுக்காமற்போனதே தவறு.

ஜெபம்: ஆண்டவரே, எங்கள் கூரையை மட்டுமல்ல, அதன் கீழே தெருவில் நிற்கிறவர்களையும் நினைக்கும் இருதயத்தைத் தாரும். ஆமென்.