உள்ளிருக்கும் பின்னல்

நுழையும்முன்

தேர்ச் சக்கரத்தின் முட்டுக்கட்டை முதல் மலை மிதிவண்டியின் எண்ணெய்க் குழல் வரை, ஊர்திகளை நிறுத்தும் கலை படிப்படியாக வளர்ந்து வந்திருக்கிறது. நாள்தோறும் மிதிவண்டியில் பள்ளிக்கு வரும் நாம் அதன் தடையைப் பற்றி எவ்வளவு அறிந்திருக்கிறோம்? காஞ்சிபுரத்துக் கடை ஒன்றில் கண்ட நிகழ்வின் வழியே இக்கட்டுரை அதைப் பேசுகிறது.

முட்டுக்கட்டையிலிருந்து…

ஒருவர் முயற்சிக்கு மற்றொருவர் இடையூறு செய்தால், ‘முட்டுக்கட்டை போடுகிறார்’ என்கிறோம். இன்று பழிச்சொல்லாக வழங்கினும் அச்சொல்லின் பிறப்பிடம் பெருமைக்குரியது. தேரோட்டத்தின்போது சக்கரத்தின் அடியில் மரக்கட்டையைச் செருகித் தேரை நிறுத்துவர், திருப்பவும் செய்வர். அக்கட்டையே முட்டுக்கட்டை. எங்கள் காஞ்சிபுரத்தில் வைகாசித் திங்களில் வரதராசப் பெருமாள் கோவில் தேர் ஓடும். வடம் பிடிப்போர் பலர். கட்டை போடுவோர் சிலரே. மக்களின் பார்வை தேரின் உச்சியில் இருக்க, அச்சிலரின் பார்வை மட்டும் சக்கரத்தின் அடியிலேயே இருக்கும்.

திருவாரூர் ஆழித்தேர் ஏறத்தாழ 96 அடி உயரமும் 300 டன் எடையும் உடையது. அதற்குத் திருச்சி பாரத மிகுமின் நிறுவனம் நீரியல் தடைகளைப் பொருத்தித் தந்தது. ஹைட்ராலிக் பிரேக் என்று நாம் சொல்வது இதனையே. அப்பெருந்தேரை நிறுத்த உதவும் அதே விதிதான், மலைப்பாதையில் ஓடும் மிதிவண்டியின் மெல்லிய குழலுக்குள்ளும் இயங்குகிறது.

குழலுக்குள் ஒரு விதி

பழைய மிதிவண்டிகளில் கைப்பிடியின் விசையை இரும்புக் கம்பிகள் சக்கரத்திற்குக் கொண்டு சென்றன. பின்னர் ஒயர் வந்தது. மலை மிதிவண்டிகள் பலவற்றில் இன்று அவ்வேலையைச் செய்வது எண்ணெய். நெம்பை அழுத்தியதும் அதனருகே உள்ள சிறு உந்துதண்டு எண்ணெயைத் தள்ளுகிறது. குழலின் மறுமுனையில் உள்ள உந்துதண்டுகள் இரு தடைவில்லைகளை நகர்த்த, அவை சக்கரத்தோடு சுழலும் எஃகுத் தட்டை இருபுறமும் பற்றிக்கொள்கின்றன.

அடைபட்ட திரவத்திற்குத் தரப்படும் அழுத்தம் குறையாமல் எல்லாத் திசைகளிலும் பரவும் என்பது பாஸ்கல் விதி. பிரெஞ்சு அறிஞர் பிலேய்ஸ் பாஸ்கல் 1623 முதல் 1662 வரை வாழ்ந்தவர். அவர் விதியின்படி, சக்கரத்தருகே உள்ள உந்துதண்டின் பரப்பு நெம்பருகே உள்ளதைப்போல் நான்கு மடங்கு எனில், விசையும் நான்கு மடங்காகும். நகரும் தொலைவோ நான்கில் ஒரு பங்காகக் குறையும். விரல்நுனியின் அழுத்தம் ஒரு வண்டியை நிறுத்துவது இவ்வாறே. ஆனால், குழலுக்குள் சிறிது காற்று புகுந்தாலும் நிலைமை மாறிவிடும். எண்ணெய் எளிதில் சுருங்காது, காற்று சுருங்கும். அப்போது நெம்பு பஞ்சுபோல் அமுங்குமேயன்றி, வண்டி நிற்காது.

கடையில் கண்டது

பிள்ளையார்பாளையத்திற்கு அருகே என் முன்னாள் மாணவர் ஒருவர் மிதிவண்டிப் பழுதுநீக்கும் கடை வைத்திருக்கிறார். நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவர். சிறுவயதில் கோர்வைச் சேலை நெய்யும் தந்தைக்கு எதிர்ப்புறம் அமர்ந்து கரை நாடாவைத் தள்ளித் தந்தவர்.

ஒருநாள் மாலை நான் அங்கிருந்தபோது, இளைஞன் ஒருவன் பிறரிடம் விலைக்கு வாங்கிய மலை மிதிவண்டியோடு வந்தான். மறுநாள் விடியலில் நண்பர்களோடு கொல்லிமலைக்குப் புறப்பட வேண்டும். சங்கிலிக்கு எண்ணெய் விட்டுத் தந்தால் போதும் என்றான். கடைக்காரர் சங்கிலியைத் தொடவில்லை. கைப்பிடியை இடப்புறமும் வலப்புறமும் முழுவதும் திருப்பினார். ஒரு பக்கம் திருப்பும்போது பின்சக்கரத் தடையின் குழல் விறைத்து நின்றது. சட்டத்தின் துளைக்குள் அது நுழையும் இடத்தில், விளிம்பில் உரசி உரசி மேலுறை தேய்ந்திருந்தது.

“குழலை மாற்ற வேண்டும், தம்பி. சென்னையிலிருந்து வர இரண்டு நாளாகும்” என்றார்.

“பிரேக் நன்றாகத்தானே பிடிக்கிறது, அண்ணா?”

“இங்கே பிடிக்கும். அங்கே எழுபது கொண்டைஊசி வளைவுகள் இருக்கின்றன.”

இளைஞன் முகம் சிவந்தது. கடைக்காரர் வாதிடவில்லை. நெம்பை இறுக அழுத்தி ஒரு பட்டையால் கட்டினார். தேய்ந்த இடத்தைச் சுற்றி மெல்லிய வெள்ளைத் தாளை வைத்தார். சற்று நேரம் கழித்து எடுத்தபோது, தாளில் கடுகளவு எண்ணெய்ப் பொட்டு ஒன்று இருந்தது. அதை அவன் நெடுநேரம் பார்த்தான். பிறகு வெளியே சென்று, தான் வரவில்லை என்று நண்பர்களிடம் தொலைபேசியில் சொன்னான். ஒரு பயணம் கைநழுவியது உண்மையே. ஆயினும், அன்று அங்கு நழுவாமல் காக்கப்பட்டது எது என்பது மூவருக்கும் தெரிந்திருந்தது.

பழையது வழிகாட்ட…

புதிய குழல் வந்த நாளில் நானும் சென்றேன். சட்டத்திற்குள் மறைந்து செல்லும் குழலை எவ்வாறு மாற்றுவார் என்றறிய ஆவல். அவர் பழைய குழலின் முனையில் சிறு திருகாணி ஒன்றைப் பொருத்தி, அதன் மறுமுனையில் புதிய குழலை இணைத்தார். பழையதை மெல்ல இழுக்க, புதியது அதைப் பின்தொடர்ந்து சட்டத்திற்குள் சென்று பின்சக்கரத்தருகே வெளிவந்தது.

“எங்கள் வீட்டுத் தறியில் செய்ததுதான், ஐயா” என்றார். ஆம், பாவு தீர்ந்ததும் பழைய பாவின் நுனிகளோடு புதிய இழைகளை ஒவ்வொன்றாக முறுக்கி இணைத்து, அச்சின் வழியே இழுப்பது நெசவாளர் வழக்கம்.

பழைய குழலை வெட்டியும் காட்டினார். உள்ளே வழவழப்பான சிறுகுழல். வெளியே நெகிழி உறை. இரண்டிற்கும் நடுவே நெருக்கமாகப் பின்னப்பட்ட வலிய செயற்கை இழைகள். அழுத்தத்தால் குழல் விரியாமல் காப்பது அப்பின்னலே. மேலுறை தேய்ந்தால் அடுத்து அறுபடுவதும் அதுவே. சேலையின் உடல் கிழிந்தாலும் கரை பிரியாது என்று கோர்வை நெசவைப் போற்றும் ஊரில், ஓர் எண்ணெய்க் குழலும் பின்னலின் வலிமையில் நிற்பதைக் கண்டு வியந்தேன்.

வழியும் பேணலும்

குழலின் நீளத்தை வகுப்பதற்கு அவர் கொண்ட நெறி எளியது. கைப்பிடியை எந்தப் பக்கம் திருப்பினாலும் குழல் விறைக்கக் கூடாது. முன்பக்க அதிர்வுதாங்கி அமுங்கும்போது சக்கரத்தில் உரசக் கூடாது. எங்கும் மடங்கி ஒடியக் கூடாது. மிகுதியாகத் தொங்கிச் செடிகொடிகளில் சிக்கவும் கூடாது. அளவு கண்டபின் கூரிய கத்தியால் நேராக வெட்டினார். ஆலிவ் எனப்படும் சிறு பித்தளை வளையம் ஒருமுறை இறுக்கினால் நசுங்கி உருமாறிவிடும். ஆகவே, புதிய வளையத்தையே இட்டார். பின்னர், கீழிருந்து ஊசிக்குழலால் எண்ணெயைச் செலுத்தினார். காற்றுக்குமிழிகள் மேலேறி நெம்பருகே வெளியேறின. இதனை ‘ஏர் எடுத்தல்’ என்பர்.

எண்ணெயிலும் கவனம் வேண்டும். சில தடைகள் கனிம எண்ணெயை ஏற்பவை. சில ‘டாட்’ வகைத் திரவத்தை ஏற்பவை. மாற்றி ஊற்றினால் உள்ளிருக்கும் ரப்பர் வளையங்கள் கெடும். டாட் திரவம் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 வகையின் கொதிநிலை புதிதாக இருக்கையில் 230 பாகை செல்சியசுக்குக் குறையாது; ஈரம் ஏறியபின் அது 155 பாகை வரை இறங்கக்கூடும். வண்டியும் ஆளுமாக 80 கிலோ எடை, 1000 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கினால், இழக்கும் நிலையாற்றல் 7,84,000 ஜூல். அதில் பெரும்பங்கைத் தடைகளே வெப்பமாக ஏற்க நேரும். திரவம் கொதித்து ஆவிக்குமிழி உண்டானால் நெம்பு வீணே அமுங்கும். குறித்த காலத்தில் திரவத்தை மாற்றுவது இதனால்தான். தட்டிலும் தடைவில்லையிலும் சங்கிலி எண்ணெய் படக் கூடாது. சக்கரத்தைக் கழற்றியிருக்கும்போது நெம்பை அழுத்தவும் கூடாது.

நம் வண்டி

பதினொன்றாம் வகுப்பில் அரசு வழங்கும் விலையில்லா மிதிவண்டியில் எண்ணெய்க் குழல் இராது. கம்பியோ ஒயரோ இருக்கும். அந்த ஒயரும் மெல்லிய எஃகு இழைகளை முறுக்கிச் செய்ததே. ஓர் இழை அறுந்தாலும் மற்றவை சிலகாலம் தாங்கும், வண்டியும் நிற்கும். அதனாலேயே பழுது நம் கண்ணில் படுவதில்லை. கைப்பிடியை இருபுறமும் திருப்பிப் பாருங்கள். நெம்பை அழுத்தி, அது பிடியைத் தொடும் வரை வருகிறதா எனக் காணுங்கள். ஒயரின் முனையில் இழைகள் பிரிந்துள்ளனவா, பிரேக் கட்டை தேய்ந்துள்ளதா என்று நோக்குங்கள். இவற்றிற்கு ஐந்து நிமிடம் போதும். இன்று மாலை பள்ளி விட்டதும், வண்டியை எடுக்கும் முன் ஒருமுறை குனிந்து பாருங்கள்.