தம்பியைப் பார்த்துக்கோ

நம் வயதுக்காரர்கள் பலருக்குப் பள்ளிக்கூடம் நேரே ஒன்றாம் வகுப்பில்தான் தொடங்கியது. வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொட்டுவிட்டால் ஐந்து வயது ஆகிவிட்டது என்று கணக்கு. பிறந்த தேதியை வாத்தியாரே போட்டுக்கொள்வார். சான்றிதழ்படி ஜூன் மாதத்தில் பிறந்தவர்கள் நம்மில் எத்தனை பேர்! சரி, அந்த ஐந்து வயது வரை நாம் எங்கே இருந்தோம்? அக்காவின் இடுப்பில்.

வேடிக்கைக்குச் சொல்லவில்லை. கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவே, புதுச்சத்திரம் பக்கத்தில் ஒரு கிராமம் எங்களுடையது. என் வகுப்பில் தம்பியையோ தங்கையையோ தூக்கிக்கொண்டு வந்து கடைசியில் உட்காரும் பெண்கள் இருந்தார்கள். குழந்தை அழுதால் எழுந்து வெளியே போய்விடுவார்கள். நடவு, அறுவடை நாட்களில் அம்மா வயலுக்குப் போவார். இவர்கள் பள்ளிக்கே வர மாட்டார்கள். மூன்றாம் வகுப்பைத் தாண்டாமல் நின்றுபோனவர்களும் உண்டு.

மத்திய அரசின் ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2-இல் தொடங்கியது. 1982 ஜூலை 1-இல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியபோது, 2 வயதுக் குழந்தைக்கும் பால்வாடியில் மதியச் சாப்பாடு கிடைத்தது. அந்த ஆண்டுதான் என் அக்கா பால்வாடி டீச்சராக வேலைக்குச் சேர்ந்தார். எல்லாரும் சோற்றைப் பற்றியே பேசுவார்கள். அக்கா வேறொன்றைச் சொல்வார்: "சின்னது பால்வாடிக்கு வந்துட்டா, பெரியது பள்ளிக்கூடம் போயிடும்டா. எனக்கு அதுதான் பெரிய சந்தோஷம்."

போன ஜூனில் சிதம்பரத்தில் இருக்கும் என் மகள், இரண்டு பிள்ளைகளையும் ஒரே நாளில் பள்ளியில் சேர்த்தாள். பேத்திக்கு நாலரை வயது, எல்கேஜி. பேரனுக்கு மூன்று முடிந்திருந்தது, ப்ரீகேஜி. ஒன்றுக்கொன்று துணையாக இருக்கும் என்று எண்ணம். முதல் நாள் நானும் போயிருந்தேன். வீட்டில் பாட்டி, வாசலில் பக்கத்து வீட்டம்மா, ஆட்டோக்காரர், பள்ளி வாசலில் என் மகள், உள்ளே ஆயா. ஐந்து பேரும் பேத்தியிடம் சொன்னது ஒன்றே: "தம்பியைப் பார்த்துக்கோ."

உள்ளே போனதும் ஆளுக்கொரு வகுப்பு. பேரன் கத்தித் தீர்த்தான், பத்து நிமிடத்தில் ஒரு பொம்மை லாரி கிடைத்ததும் மறந்துவிட்டான். பேத்தி அழவே இல்லை. "சமர்த்துக் குட்டி" என்று எல்லாரும் மெச்சினார்கள். மாலையில் டிபன் பாக்ஸைத் திறந்தால் இட்லி அப்படியே இருந்தது. நாள் முழுக்க எழுந்து எழுந்து கதவருகே போய் நின்றாளாம். இரண்டாம் நாளும் அப்படியே.

மகள் அக்காவுக்குப் போன் போட்டாள். "அழற பிள்ளையைப் பத்திக் கவலைப்படாதே, அழாத பிள்ளையைப் பாரு" என்றார் அக்கா. "எங்க பால்வாடியில எல்லா வயசும் ஒரே கூடத்துல இருக்கும். அக்கா தம்பி வந்தா ஒரு வாரம் பக்கத்துல உட்கார விடுவேன். அப்புறம் பெரியது காதுல விழற மாதிரி, 'இனிமே இவன் என் பொறுப்பு, நீ போய் விளையாடு'ன்னு சொல்வேன். அந்த வார்த்தையைப் பெரியவங்க யாராவது சொன்னாத்தான் அது கீழே இறக்கி வைக்கும்."

மகள் டீச்சரிடம் பேசினாள். மறுநாள் அந்தப் பெண் பேத்தியின் எதிரே குனிந்து, "தம்பியை நாங்க பார்த்துக்கிறோம். இடைவேளையில நீ போய் ஒரு தடவை பார்த்துட்டு வரலாம்" என்றார். பேத்தி அவர் முகத்தையே சற்று நேரம் பார்த்தாள். பிறகு "அம்மா வேணும்" என்று வாய்விட்டு அழுதாள். எனக்கு நிம்மதியாக இருந்தது. அன்றைக்குத்தான் அவளும் பள்ளியில் சேர்ந்தாள். மாலையில் டிபன் பாக்ஸ் காலி.

அக்காமார்களின் இடுப்பிலிருந்து குழந்தைகளை இறக்கிவிடத்தான் பால்வாடி வந்தது. இப்போது இடுப்பில் யாரும் இல்லை, ஆனால் ஒரு வார்த்தையால் அதே சுமையை ஏற்றிவிடுகிறோம். உங்கள் வீட்டிலும் இரண்டு பிள்ளைகள் ஒன்றாகக் கிளம்பினால், சின்னவனைப் பார்த்துக்கொள்ளும்படி டீச்சரிடம் சொல்லுங்கள். பெரியவளிடம், "இன்னிக்கு என்ன விளையாடினே?" என்று மட்டும் கேளுங்கள்.