நடைபாதைக்குக் கொடுத்த 2,500 ரூபாய்

‘ஓல்கா டெல்லிஸ் எதிர் பம்பாய் மாநகராட்சி’ என்ற வழக்கைப் படிக்காமல் இந்த நாட்டில் யாரும் சட்டக் கல்லூரியை விட்டு வெளியே வருவதில்லை. உயிர் வாழும் உரிமைக்குள் பிழைப்புக்கான உரிமையும் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 1985இல் சொன்ன வழக்கு அது. அந்த உரிமையைக் கேட்டுப் போனவர்கள் அதே வழக்கில் தங்கள் குடிசைகளைக் காப்பாற்றிக்கொள்ள முடியாமல் போனார்கள் என்பது மட்டும் படித்தவர்களில் பலருக்கு நினைவில் நிற்பதில்லை.

அந்த வழக்கில் எனக்கு வக்காலத்து கிடையாது. அப்போது நான் டெல்லியில் ஒரு தமிழ் சீனியரிடம் ஜூனியராக இருந்தேன். ஐந்து நீதிபதிகள் அமரும் பெரிய அமர்வில் வாதம் நடந்தால், கையில் வேலை இல்லாத நேரங்களில் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்கச் சொல்லி அனுப்புவார். கேட்டுவிட்டு வந்தால் மாலையில் அவரிடம் ஒப்பிக்க வேண்டும். மனுதாரர்களில் ஒருவர் சேலத்துக்காரர் என்பதால் இந்த வழக்கின் காகிதங்களைச் சீனியரே வாங்கிப் படித்தார்.

அந்தச் சேலத்துக்காரரின் கதை தீர்ப்பிலேயே இருக்கிறது. ஊரில் நிலமில்லாத விவசாயக் கூலி. மழை பொய்த்து வேலை இல்லாமல் போனதும் 1961இல் பம்பாய்க்குப் போனார். தஹிசரில் ஒரு ரசாயனக் கம்பெனியில் நாளொன்றுக்கு 23 ரூபாய் கூலி. நடைபாதையில் பிளாஸ்டிக் தாளும் கித்தானும் போட்ட ஒரு மறைப்புக்காக அந்த வட்டாரத்துத் தாதா அவரிடம் 2,500 ரூபாய் பிடுங்கியிருந்தான். அதில் அவரும் மனைவியும் மூன்று பெண் பிள்ளைகளும் குடியிருந்தார்கள்.

“2,500ஐ 23ஆல் வகுங்க தம்பி” என்றார் சீனியர். நூறு நாள் கூலிக்கும் மேலே வந்தது. “ஒருநாள்கூடச் சாப்பிடாம, நூத்தெட்டு நாள் சம்பளத்தை அப்படியே எடுத்துக் குடுத்திருக்கார். இவர் பேருக்கு எதிர்ல ‘ஆக்கிரமிப்பாளர்’னு எழுதியிருக்கு. காசு வாங்கினவன் பேரு எங்க எழுதியிருக்குன்னு தேடிப் பாருங்க” என்றார். தேடினேன். எங்கும் இல்லை. மற்றொரு மனுதாரர் சங்கம்நேரிலிருந்து வந்த செருப்புத் தைக்கும் தொழிலாளி. மாதம் 350 ரூபாய்க்குப் பதிலி ஆளாக வேலை பார்த்த அவரும் துல்சிவாடி நடைபாதையில் ஓர் இடத்துக்காக உள்ளூர் ரவுடிக்கு 300 ரூபாயும், மூங்கிலுக்கும் பிளாஸ்டிக்குக்கும் 700 ரூபாயும் கொடுத்திருந்தார். இலவசமாகப் பொது இடத்தைப் பிடித்துக்கொண்டவர்கள் என்று இவர்களை நகரம் நினைத்தது. உண்மையில் அவர்கள் தங்கள் பல மாதச் சம்பாத்தியத்தை விலையாகக் கொடுத்திருந்தார்கள். ரசீது தராதவனிடம் கொடுத்தார்கள் என்பதால் அந்தப் பணம் சட்டத்தின் கண்ணில் படவில்லை.

வழக்கின் தொடக்கம் 1981 ஜூலை 13. நடைபாதைவாசிகள் அனைவரையும் அப்புறப்படுத்தி அவரவர் சொந்த ஊருக்கோ நகருக்கு வெளியிலோ அனுப்பப் போவதாக அன்று மகாராஷ்டிர முதல்வர் ஏ. ஆர். அந்துலே அறிவித்தார். மழைக்காலத்தில் அந்தக் குடிசைகளில் மனிதர் வாழ முடியாது என்பது அவர் சொன்ன காரணம். வாழ முடியாத குடிசையை மழைக்காலத்தில் பிரித்துப் போட்டால் அதில் இருந்தவர்கள் எங்கே போவார்கள் என்று நீதிமன்றத்தில் கேட்கத்தான் பத்திரிகையாளர் ஓல்கா டெல்லிஸும், பொதுநல அமைப்புகளும், நடைபாதைவாசிகளும் போனார்கள். பம்பாய் உயர் நீதிமன்றத்தில் அக்டோபர் 15 வரை குடிசைகளை இடிப்பதில்லை என்று ஜூலை 21 அன்று எதிர்மனுதாரர்கள் ஒப்புக்கொண்டார்கள். 23ஆம் தேதி சேலத்துக்காரரின் குடிசை இடிக்கப்பட்டது. அவரையும் குடும்பத்தையும் சேலத்துக்குப் பேருந்தில் ஏற்றினார்கள். ஊருக்குப் போக விரும்பி உதவி கேட்டவர்களுக்கே வழிச்செலவு தரப்பட்டது, யாரையும் நாடு கடத்துவதுபோல் அனுப்பவில்லை என்று அரசு பிரமாணப் பத்திரத்தில் சொன்னது. மனைவியையும் மகள்களையும் சேலத்தில் விட்டுவிட்டு அவர் மட்டும் வேலை தேடிப் பம்பாய்க்குத் திரும்பி மறுபடியும் ஒரு நடைபாதையில் குடியேறியதே அந்த வாதத்துக்குப் போதுமான பதில்.

அந்தப் பேருந்துக்குப் பின்னால் ஓர் எண்ணம் இருந்தது. ஏழைக்கு எப்போதும் வேறொரு ஊர் உண்டு, அங்கே போனால் அவன் பிழைத்துக்கொள்வான் என்ற எண்ணம். தென்னிந்தியர்களுக்கு எதிராக 1960களில் இயக்கமே நடந்த நகரம் என்பதால் இதை மொழிப் பகையாகப் பார்க்கத் தோன்றும். ஆனால் சங்கம்நேர்க்காரர் மராட்டிய மண்ணின் மனிதர். அவர் குடிசை 1980 ஜனவரியிலேயே ஒருமுறை இடிக்கப்பட்டிருந்தது. இன்னொரு மனு, விலே பார்லே கிழக்கில் நெடுஞ்சாலை ஓரமாக இருந்த காமராஜ் நகர் மக்களுடையது. 1960 வாக்கில் அந்தச் சாலையோரம் தண்ணீர்க் குழாய் பதிக்க வந்த தொழிலாளர்கள் உருவாக்கிய குடியிருப்பு அது. மாநகராட்சி ஊழியர்களும் ஆலைத் தொழிலாளர்களும் ஓட்டல் தொழிலாளர்களும் அங்கே இருந்தார்கள். இவர்களுடைய மொழியும் சாதியும் மதமும் வேறு வேறு. ஒரே வழக்கில் எல்லோரையும் சேர்த்து வைத்தது, வேலைக்குப் பக்கத்தில் வாடகை கொடுத்துக் குடியிருக்க முடியாத கூலி ஒன்றுதான்.

சட்டக் கேள்வி சிறியது. 1888ஆம் ஆண்டு பம்பாய் மாநகராட்சிச் சட்டத்தின் 314ஆவது பிரிவு, பொதுத் தெருவில் உள்ள ஆக்கிரமிப்பை முன்னறிவிப்பே இல்லாமல் அகற்ற ஆணையருக்கு அதிகாரம் தருகிறது. எழுதியவர்கள் மனதில் இருந்தது தெருவில் நீட்டிக்கொண்டிருக்கும் கடைப்படியும் மூட்டைகளுமாக இருந்திருக்கலாம். மூட்டைக்கும் ஐந்து பேர் தூங்கும் குடிசைக்கும் அந்தப் பிரிவில் வித்தியாசம் இல்லை. பொது இடத்தை வளைத்தவருக்குச் சொல்ல நியாயமே இருக்க முடியாதபோது நோட்டீஸ் கொடுத்து விசாரிப்பதில் என்ன பயன் என்பது மாநகராட்சியின் வாதம். மனுதாரர்களின் வழக்கறிஞர்கள், இந்திரா ஜெய்சிங்கும் வி. எம். தார்குண்டேயும் ராம் ஜெத்மலானியும் இருந்த அணி, வேறு திசையிலிருந்து வந்தது. நடைபாதையை விட்டு அகற்றினால் வேலை போகும், வேலை போனால் உயிர் வாழ வழி போகும், ஆகவே இது உயிர் வாழும் உரிமை பற்றிய வழக்கு என்றார்கள்.

1985 ஜூலை 10 அன்று, தான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய நாள், தலைமை நீதிபதி ஒய். வி. சந்திரசூட் ஐந்து பேர் அமர்வுக்காகத் தீர்ப்பளித்தார். அதன் முதல் பாதி நம் சட்ட வரலாற்றின் மிகச் சிறந்த பகுதிகளில் ஒன்று. நடைபாதையில் குடிசை போடுவதை உரிமையாகக் கோர மாட்டோம் என்று உயர் நீதிமன்றத்தில் மனுதாரர்கள் ஒப்புக்கொண்டிருந்தார்கள். அடிப்படை உரிமையை யாரும் வாய்வார்த்தையாக விட்டுக்கொடுத்துவிட முடியாது என்று அந்தத் தடையை நீதிமன்றம் தள்ளியது. பிழைப்பைப் பறிப்பது உயிரைப் பறிப்பதற்குச் சமம் என்று ஏற்றது. வேறு வழியின்றி அங்கே தங்கியவர்களைக் குற்றம் செய்யும் நோக்கத்தோடு அத்துமீறியவர்கள் என்று சொல்ல முடியாது என்றது. சொல்ல நியாயம் இருக்காது என்று முன்கூட்டியே முடிவு கட்டிவிட்டு விசாரணையை மறுக்கக் கூடாது, 314ஆவது பிரிவைப் பயன்படுத்தும்போதும் சாதாரணமாக நோட்டீஸ் தர வேண்டும் என்றது.

இவ்வளவும் சொன்ன பிறகு, ஆணையர் இவர்களை விசாரிக்க வேண்டும் என்று உத்தரவிட வேண்டியதுதான் அடுத்த படி. அங்கேதான் தீர்ப்பு திரும்பியது. இந்த மனுதாரர்களின் தரப்பை நாங்களே விரிவாகக் கேட்டுவிட்டோம், அந்த வாய்ப்பு கிடைத்துவிட்டதால் மறுபடி விசாரணை தேவையில்லை, நடைபாதை நடப்பவர்களுக்கானது, அகற்றலாம் என்றது. மழைக்காலம் முடியும் வரை, அக்டோபர் 31 வரை, அவகாசம் மட்டும் கிடைத்தது. ஒவ்வொரு குடிசைக்கும் அதன் வாசலில் நடந்திருக்க வேண்டிய விசாரணை, ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் டெல்லியில், சட்டப் பிரிவுகளைப் பற்றிய வாதமாக நடந்து முடிந்துவிட்டது என்று பொருள். ஒரு குடிசையில் இருப்பவர் எத்தனை மணிக்கு வேலைக்குப் போகிறார், மனைவி எந்தத் தெருவில் வேலை செய்கிறார், சின்ன மகள் எந்தப் பள்ளியில் சேரப் போகிறாள் என்பதெல்லாம் அந்த வாதத்தில் வந்திருக்க முடியாது. ஏழையின் நியாயம் இப்படிப்பட்ட விவரங்களில்தான் இருக்கிறது.

மாற்றிடம் பற்றிய பகுதியையும் அன்று மாலையே சீனியருக்குப் படித்துக் காட்டினேன். 1976 கணக்கெடுப்பில் பதிவானவர்களுக்கு மால்வணியிலோ வேறு வசதியான இடத்திலோ மனை தர வேண்டும், ஆனால் அதைத் தந்த பிறகுதான் அகற்ற வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. நடைபாதைவாசிகளில் அந்தக் கணக்கெடுப்பில் தற்செயலாகப் பதிவானவர்களுக்குத்தான் இந்தப் பலன். மால்வணி மலாடுக்கு மேற்கே நகரத்தின் ஓரம். பைகுல்லாவில் கூலி வேலை செய்பவருக்குப் போகவர ரயிலும் பஸ்ஸும் கூலியில் ஒரு பங்கைத் தின்றுவிடும். தீர்ப்பு வந்த அதே 1985இல் ஸ்பார்க் என்ற அமைப்பு பைகுல்லா வட்டார நடைபாதைவாசிகளைத் தெருத்தெருவாகக் கணக்கெடுத்தது. பெரும்பாலோர் வேலைக்கு நடந்தே போகிறார்கள் என்று அதில் தெரிந்தது. நடைபாதையில் அவர்களுக்குக் கிடைத்தது கூரை என்பதைவிட, வேலைக்குப் போக ஆகாத செலவு. வீட்டையும் வேலையையும் சட்டம் இரண்டு பொருளாகப் பார்க்கிறது. குறைந்த கூலிக்காரருக்கு இரண்டும் ஒன்றே.

இதே அமர்வின் முன் சென்னைக் குடிசைவாசிகளின் வழக்கும் இருந்தது. தமிழக அரசு மாற்றிடம் தரும் கொள்கையை அக்கறையோடு தொடரும் என்ற நம்பிக்கையைப் பதிவு செய்து அதை முடித்தார்கள். பின்னாளில் அந்த மாற்றிடம் கண்ணகி நகரிலும் பெரும்பாக்கத்திலும் அடுக்குமாடியாக எழுந்தது. கூவம் கரையில் இருந்துகொண்டு நடந்துபோய் வீட்டுவேலை பார்த்த பெண்கள், அங்கே போனபின் பஸ் செலவுக்குக் கட்டுப்படியாகாமல் வேலையை விட்டார்கள். கூரை கெட்டியானது, வருமானம் மெலிந்தது.

வழக்குகள் தோற்றாலும் அவை சொன்ன கொள்கை வேறொருவருக்குப் பயன்படும் என்பது எங்கள் தொழிலில் உள்ள ஆறுதல். 1990இல் டெல்லிப் போக்குவரத்துக் கழகத் தொழிலாளர்களைக் காரணம் சொல்லாமல் வேலைநீக்கம் செய்யும் விதி இந்தப் பிழைப்புரிமையின் துணையோடு வீழ்ந்தது. ஆனால் நகரத்து ஏழைக்கு அதே நீதிமன்றத்தில் காற்று மாறிவிட்டது. 2000இல் டெல்லிக் குப்பை வழக்கில், ஆக்கிரமிப்பாளருக்கு மாற்றிடம் கொடுப்பது பிக்பாக்கெட்காரனுக்குப் பரிசு கொடுப்பது போன்றது என்று நீதிபதிகள் எழுதினார்கள். நூறு நாள் கூலியைப் பறிகொடுத்தவரையே பறித்தவராக எழுதிய வரி அது. யார் யாரிடம் பணம் வாங்கினார்கள் என்ற கேள்வியை விசாரணையில் கேட்டிருந்தால் அந்த ஒப்புமை யாருக்கும் தோன்றியிருக்காது.

நடைபாதை நடப்பவர்களுக்கு வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. அகற்றும் அதிகாரமும் மாநகராட்சிக்கு இருக்கட்டும். ஆனால் இடிப்பதற்கு முன் ஓர் அதிகாரி அந்த இடத்துக்கே வந்து, அவரவர் மொழியில், மூன்று கேள்விகளைக் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்: எங்கே வேலை செய்கிறீர்கள், அங்கே எப்படிப் போகிறீர்கள், இந்த இடத்துக்கு யாரிடம் எவ்வளவு கொடுத்தீர்கள். முதல் இரண்டின் பதிலும் மாற்றிடம் எங்கே இருக்க வேண்டும் என்று சொல்லிவிடும். மூன்றாவதின் பதில் வழக்கு யார்மேல் போட வேண்டும் என்று சொல்லும். இதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. நோட்டீஸும் விசாரணையும் வேண்டும் என்று 1985லேயே ஐந்து நீதிபதிகள் சொல்லிவிட்டார்கள். அன்று அந்த மனுதாரர்களுக்குக் கொடுக்காமல் விட்டதை இனி இடிக்கப்படும் ஒவ்வொரு குடிசைக்கும் கொடுப்பதுதான் அந்தத் தீர்ப்பை மதிப்பது.